ரம்மி தெரிந்தால் மாஜாங் பாதி தெரியும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "போனில் மாஜாங் ஆடுகிறேன். ஒரே மாதிரி இரண்டு காயைத் தொட்டால் மறைந்துவிடும். சீனர்கள் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதும் இதேதானா? எனக்கு ரம்மி நன்றாக வரும். அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?"

அதே ஆட்டம் இல்லை. கற்றுக்கொள்ள முடியும், அதுவும் ரம்மி தெரிந்தவருக்கு ஒரே சாயங்காலத்தில் அடிப்படை பிடிபட்டுவிடும். நன்றாக ஆடுவதற்குத்தான் வருடங்கள் ஆகும், அது ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன்.

முதலில் போன் ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆமை மாதிரி அடுக்கி வைத்த காய்களில் ஜோடி ஜோடியாக எடுப்பது, ஒருவர் மட்டும் ஆடுவது, இது கணினியில் பிறந்தது. 1981இல் பிராடி லாக்கார்ட் என்ற அமெரிக்கர் பிளேட்டோ என்கிற பழைய கணினி அமைப்பில் இதை எழுதினார். ஜிம்னாஸ்டிக்ஸ் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எழுதியிருக்கிறார். 1986இல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதை 'ஷாங்காய்' என்ற பெயரில் வெளியிட்டது, அப்புறம் விண்டோஸ் வழியாக உலகம் முழுக்கப் போய்விட்டது. அந்த மனிதர் செய்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் நாலு பேர் ஆடும் மாஜாங்கிலிருந்து அது எடுத்துக்கொண்டது காய்களின் படத்தை மட்டும்தான்.

நான் கற்றுக்கொண்டது சிங்கப்பூரில். எங்கள் புளோக்கில் மேல் வீட்டிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு சத்தம் வரும், சாக்கு நிறையச் சோழியைத் தரையில் கொட்டிக் கையால் அளைகிற மாதிரி. காய்களைக் கவிழ்த்துப் போட்டு நாலு பேரும் எட்டுக் கையாலும் கலைக்கிற சத்தம் அது. சிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்துவது போல இருப்பதால்தான் இந்த ஆட்டத்துக்கே குருவி என்று பெயர் வந்தது என்பார்கள். ஹாங்காங்கில் கண்டோனீய மொழியிலும் சரி, ஜப்பானிலும் சரி, இந்த ஆட்டத்தின் பெயரை எழுதும் எழுத்துகளுக்குச் சிட்டுக்குருவி என்றுதான் பொருள். சீனப் புத்தாண்டு நேரத்தில் ஒருநாள் அந்த வீட்டு ஆண்ட்டி மின்தூக்கியில் பார்த்து, "மூணு பேர் இருக்கு, ஒண்ணு குறையுது, வர்றியா?" என்று கேட்டார். அது சீன மொழியில் பழமொழி மாதிரிப் புழங்குகிற ஒரு தொடர், மூன்று இருக்கிறது ஒன்று குறைகிறது என்று. நாலு பேர் சேராவிட்டால் ஆட்டம் இல்லை என்பதால் நாலாவது ஆளுக்கு எப்போதும் கிராக்கிதான். அப்படிப் போய் உட்கார்ந்தவன் நான்.

சரி, காய்களுக்கு வருவோம். முழுப் பெட்டியில் 144 காய். அதில் 108 காய் மூன்று இனமாகப் பிரியும்: வட்டம், மூங்கில், வான். ஒவ்வொரு இனத்திலும் 1 முதல் 9 வரை, ஒவ்வொரு எண்ணும் நாலு நாலு காய். சீட்டுக்கட்டில் ஸ்பேடு ஏழு ஒன்றுதான், இங்கே வட்டம் ஏழு நாலு இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். மீதியில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாலு காற்றுகள், ஒவ்வொன்றும் நாலு, ஆக 16. அப்புறம் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று, ஒவ்வொன்றும் நாலு, ஆக 12. கடைசியாகப் பூக்களும் பருவங்களுமாக எட்டுக் காய், இவை எட்டும் தனித்தனி.

இந்தப் படங்கள் எல்லாம் காசு என்பது பலருக்குத் தெரியாது. பழைய சீனக் காசுக்கு நடுவில் சதுர ஓட்டை இருக்கும், நம் பாட்டிமார் பார்த்த ஓட்டைக் காலணா மாதிரி. வட்டம் என்பது அந்தக் காசு. ஓட்டைக்குள் கயிறு கோத்துச் சரமாகக் கட்டி வைப்பார்கள், மூங்கில் என்று நாம் சொல்கிற காய் உண்மையில் அந்தக் காசுச் சரம். வான் என்றால் சீனத்தில் பத்தாயிரம். காசு, சரம், பத்தாயிரம் என்று படிப்படியாக ஏறுகிற பணக் கணக்கு. மிங் அரச காலத்திலேயே இதே பண இனங்களைக் கொண்டு 'மா தியாவ்' என்ற சீட்டாட்டம் ஆடினார்கள். மாஜாங் அந்த வழியில் வந்தது, தாளாக இருந்தது கட்டையாக மாறியது, அவ்வளவுதான். மூங்கில் ஒன்றில் மட்டும் சரத்துக்குப் பதிலாக ஒரு பறவை இருக்கும், சில பெட்டிகளில் குருவி, சிலவற்றில் மயில். புதிதாக ஆடுகிறவர்கள் அதைப் பூக் காய் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுவார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் ஆங்கிலத்தில் டிராகன் என்பார்கள். சீனர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிவப்பில் இருப்பது 'நடு' என்ற எழுத்து, இலக்கில் பட்டது என்ற பொருளும் அதற்கு உண்டு. பச்சையில் இருப்பது செல்வம் பெருகுவதைக் குறிக்கும் எழுத்து. வெள்ளை வெறும் பலகை, ஒன்றும் இருக்காது அல்லது ஒரு நீலக் கட்டம் மட்டும் இருக்கும். மூன்றையும் சேர்த்துச் சொல்கிற சீனப் பெயர், அரசுத் தேர்வில் மூன்று கட்டத்திலும் முதலாவதாக வருவதைக் குறிக்கிற சொல். எழுத்தாளர்கள் டிராகன் டிராகன் என்று எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும், இவ்வளவு அழகான அர்த்தம் அதில் தொலைந்துபோகிறது.

இனி ஆட்டம். கலைத்த பிறகு ஒவ்வொருவரும் தன் முன்னால் 18 அடுக்கு நீளத்துக்கு, இரண்டு காய் உயரத்துக்குச் சுவர் கட்ட வேண்டும். நாலு சுவரும் சேர்ந்து சதுரமாகும். பகடை உருட்டி எங்கே உடைப்பது என்று பார்த்து, அங்கிருந்து நாலு நாலு காயாக மூன்று தடவை, அப்புறம் ஒரு காய். ஆக ஒவ்வொருவருக்கும் 13. ஆமாம், நம் ரம்மியில் இருக்கிற அதே 13! கிழக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் 14, அவர்தான் முதலில் ஒன்றைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவார். அப்புறம் முறைப்படி சுவரிலிருந்து ஒன்று எடு, ஒன்று போடு. மூன்று மூன்றாக நாலு செட், கூட ஒரு ஜோடி, மொத்தம் 14 காய் சேர்ந்தால் ஜெயித்தீர்கள். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, முறை வலது கைப் பக்கமாகச் சுற்றும்.

ரம்மி ஆடுகிறவர்கள் தடுமாறும் இடம் மூன்று. முதலாவது, ரம்மியில் ஆட்டின் ஏழு, க்ளாவர் ஏழு, ஸ்பேடு ஏழு சேர்ந்தால் செட். இங்கே வட்டம் ஏழு, மூங்கில் ஏழு, வான் ஏழு சேர்ந்தால் ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே காயாக இருக்க வேண்டும், வட்டம் ஏழு மூன்று. அதற்குத்தான் ஒவ்வொன்றிலும் நாலு வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, சீக்வன்ஸ் மூன்று காய்தான். நாலு காய்ச் சீக்வன்ஸ் என்று ஒன்று கிடையாது, காற்றிலும் சிவப்பு பச்சை வெள்ளையிலும் சீக்வன்ஸே கிடையாது. மூன்றாவது, சாதாரண ஆட்டத்தில் ஜோக்கர் இல்லை. ஜோக்கர் இல்லாமல் எப்படி என்று முதலில் பயமாக இருக்கும், பழகிவிட்டால் அது இல்லாததுதான் சுத்தமாக இருக்கிறது என்று தோன்றும். எது வரும் எது வராது என்று உண்மையாகவே எண்ணிப் பார்க்க முடிகிறது.

பெரிய வித்தியாசம் இன்னொன்று. ரம்மியில் ஒருவர் போட்ட சீட்டை அடுத்தவர் மட்டும்தான் எடுக்க முடியும், எதிரே இருப்பவர் போட்டதை நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். இங்கே யார் போட்டாலும், உங்கள் கையில் அதே காய் இரண்டு இருந்தால் "பொங்!" என்று கத்தி எடுத்துக்கொள்ளலாம். முறை நடுவில் இருப்பவர்களைத் தாண்டி உங்களிடம் வந்துவிடும். சீக்வன்ஸுக்கு எடுப்பது "சீ", அது உங்கள் இடது பக்கம் இருப்பவர், அதாவது உங்களுக்கு முந்தைய ஆள் போட்டதை மட்டும். கையில் மூன்று இருந்து நாலாவதைப் பிடித்தால் "காங்", அதற்குச் சுவரின் பின்முனையிலிருந்து ஒரு காய் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கையில் காய் குறைந்துவிடும். ஒருவர் சீ சொல்லி இன்னொருவர் பொங் சொன்னால் பொங்குக்குத்தான் முன்னுரிமை. ஜெயிக்கிறவர் எல்லோரையும் முந்துவார், அவர் சொல்வது "ஹூ". இப்படி எடுத்த செட்டை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் விரித்து வைக்க வேண்டும், அதன் பிறகு மாற்ற முடியாது.

அதனால் ஒவ்வொரு பொங்கிலும் ஒரு செலவு இருக்கிறது. காய் கிடைத்தது சரி, ஆனால் உங்கள் கையில் கால்வாசியை எதிரிக்குக் காட்டிவிட்டீர்கள், மீதியையும் வளைக்க முடியாது. புதிதாக வருபவர்கள் பொங் சொல்லும் சந்தோஷத்துக்காகவே கிடைத்ததையெல்லாம் எடுப்பார்கள், நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஆடினேன்.

கடைசி ஒரு காய்க்குக் காத்திருப்பது பற்றி ஒரு கையை வைத்துச் சொல்கிறேன், அப்போதுதான் புரியும். என் கையில் வட்டம் 2, 3, 4. வட்டம் 6, 7. மூங்கில் 5 மூன்று. வான் 3, 4, 5. கிழக்குக் காற்று ஜோடி. மொத்தம் 13. எனக்கு வேண்டியது வட்டம் 5 அல்லது வட்டம் 8. ஒவ்வொன்றிலும் நாலு என்பதால் எட்டுக் காய் எனக்காக எங்கோ இருக்கிறது. இதே இடத்தில் 6, 7க்குப் பதிலாக 6, 8 இருந்தால்? நடுவில் 7 மட்டும்தான் வேண்டும், நாலே காய். வாய்ப்பு நேர்பாதி. ஆகவே ஆரம்பத்திலிருந்தே 6, 7 மாதிரி இரு பக்கமும் திறந்த ஜோடியைக் காப்பாற்றிக்கொண்டு 6, 8 மாதிரி அடைப்பட்டதை முதலில் கழற்றிவிட வேண்டும். 8, 9 என்று ஓரத்தில் நிற்பதும் அடைப்பட்டதுதான், 7 மட்டுமே வேண்டும். தனியாக நிற்கும் காற்றுகளை முதல் சுற்றிலேயே போட்டுவிடுவதும் இதே கணக்குதான், காற்றுக்குப் பக்கத்துக் காய் என்று எதுவும் கிடையாது. இதுவரைக்கும் ரம்மி மூளை போதும்.

இதற்கு மேல்தான் மாஜாங். நான் அந்த மேல் வீட்டில் மூன்றாவது மாதமோ என்னவோ ஆடிக்கொண்டிருந்தபோது மேலே சொன்ன அதே கை எனக்கு வந்தது. எட்டுக் காய்க்குக் காத்திருக்கிறேன், கை கொஞ்சம் நடுங்குகிறது. சுவரிலிருந்து எடுத்தது மூங்கில் 8. எனக்கு அது வேண்டாம், யோசிக்காமல் போட்டேன். ஆண்ட்டி "ஹூ" என்று சொல்லித் தன் கையைச் சாய்த்தார். பதினாலும் மூங்கில், ஒரே இனம், சிங்கப்பூர்க் கணக்கில் பெரிய கை. அவர் ஏற்கெனவே இரண்டு மூங்கில் பொங்கைத் திறந்து வைத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "இன்னைக்கு இந்த ஆட்டத்தில் நான் எத்தனை மூங்கில் கீழே போட்டேன்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஒரு மூங்கில்கூடப் போடவில்லை. வட்டமும் வானும் காற்றுமாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார், எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது என்ன தெரியுமா? மூங்கில் 8ஐக் கையிலேயே வைத்துக்கொண்டு கிழக்குக் காற்றைப் போட்டிருக்க வேண்டும். கிழக்கில் ஒன்று ஏற்கெனவே வெளியே போயிருந்தது, என்னிடம் இரண்டு, மீதி ஒன்றே ஒன்று. அதற்கு யாரும் பொங் சொல்ல முடியாது, அந்த ஒற்றைக் காயை ஜோடிக்காக யாராவது வைத்துக் காத்திருந்தால் ஒழிய ஆபத்தில்லை. என் அருமையான கை உடைந்துபோயிருக்கும். ஆனால் பெரிய கைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஜெயிக்கிற கையைத் தானே உடைப்பது மனதுக்கு அவ்வளவு எளிதில் வராது, நான்கில் ஒரு ஆட்டத்தைத்தான் சராசரியாக ஒருவர் ஜெயிக்க முடியும் என்றால் மற்ற மூன்றில் எவ்வளவு குறைவாக இழக்கிறோம் என்பதில்தான் கணக்கே இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஏனென்றால் இங்கே பணக்கணக்கு ரம்மி மாதிரி இல்லை. தோற்றவர் கையில் எத்தனை புள்ளி மிச்சம் என்று எண்ணுவதில்லை. ஜெயித்த கை எவ்வளவு அரிது என்பதை வைத்து விலை. சிங்கப்பூரில் அந்த அளவை 'டாய்' என்பார்கள், ஹாங்காங்கில் 'ஃபான்'. ஒவ்வொரு டாய்க்கும் இரட்டிப்பு. ஒரு டாய்க்கு 1 வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர், என்று வைத்தால் ஐந்து டாய்க்கு 16 வெள்ளி, வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவார்கள். அதைவிட முக்கியம், வெற்றிக் காயைப் போட்டுக் கொடுத்தவர் மற்ற இருவரைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், சில வீடுகளில் மூன்று பேர் பங்கையும் அவரே கொடுக்க வேண்டும். சுவரிலிருந்து தானே எடுத்து ஜெயித்தால் மூவரும் கொடுப்பார்கள். உட்காருவதற்கு முன்னால் இந்த விதியை வாயால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள், வீட்டுக்கு வீடு மாறும், சண்டை வருவதெல்லாம் இதில்தான்.

இந்தக் 'கீழே போட்ட காய்' விஷயத்தை ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் போடுகிற காயை மேசை நடுவில் எறிவார்கள், எல்லாம் ஒரே குவியல், யார் எதைப் போட்டார் என்பது உங்கள் ஞாபகத்தில்தான். ஜப்பானில் ஒவ்வொருவரும் தன் முன்னால் ஆறு ஆறு காயாக வரிசையாக அடுக்க வேண்டும். எந்த வரிசையில் போட்டார், எதற்கு அப்புறம் எதைப் போட்டார் என்பது கடைசி வரை அப்படியே இருக்கும். கூடவே ஒரு விதி: நீங்கள் காத்திருக்கும் காய்களில் ஒன்றை ஏற்கெனவே நீங்களே போட்டிருந்தால், இன்னொருவர் போடும் காயில் நீங்கள் ஜெயிக்க முடியாது, சுவரிலிருந்து தானே எடுத்தால்தான் உண்டு. இதற்குப் பெயர் 'ஃபுரிதென்'. இதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் முன்னால் வட்டம் 4 கிடக்கிறது என்றால், அவருக்கு எதிராக வட்டம் 4 நூற்றுக்கு நூறு பாதுகாப்பு. அதோடு நிற்காது. அவர் 5, 6 வைத்துக்கொண்டு 4க்கும் 7க்கும் காத்திருக்கவும் வழியில்லை, ஆகவே 7உம் ஓரளவு பாதுகாப்பு. இப்படி ஒரு காயிலிருந்து இன்னொரு காயை ஊகித்துக்கொண்டே போகலாம்.

அங்கே 'ரீச்சி' என்று ஒன்றும் உண்டு. எதையும் திறக்காமல் கையை மூடி வைத்துக் கடைசிக் காய்க்குக் காத்திருப்பவர், 1000 புள்ளிக்கான ஒரு குச்சியை மேசையில் வைத்து "ரீச்சி" என்று அறிவித்துவிடலாம். அதன் பிறகு அவர் கையை மாற்ற முடியாது, ஆனால் ஜெயித்தால் விலை கூடும். அந்த நிமிடத்திலிருந்து மேசையே மாறிப்போகும், மற்ற மூன்று பேரும் ஒவ்வொரு காயையும் விரலில் பிடித்துக்கொண்டு போடலாமா வேண்டாமா என்று அவர் முன்னால் கிடக்கும் வரிசையைப் பார்ப்பார்கள். 2018இல் அங்கே எம் லீக் என்று தொழில்முறை அணிப் போட்டியே தொடங்கிவிட்டார்கள், நேரடியாக ஒளிபரப்பாகிறது, நாலு பேர் கையும் பார்ப்பவருக்குத் தெரியும். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் தன் ஜெயிக்கும் கையை எங்கே உடைக்கிறார் என்று அதில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

சீனாவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் ஆட்டம் மாறும். சிச்சுவான் மாகாணத்தில் காற்றும் இல்லை, பூவும் இல்லை, 108 காய் மட்டும். சீ சொல்ல முடியாது, மூன்று இனத்தில் ஒன்றை முழுக்கக் கைவிட்டே ஆக வேண்டும். ஒருவர் ஜெயித்தாலும் ஆட்டம் நிற்காது, மூன்று பேர் ஜெயிக்கும்வரையோ சுவர் தீரும்வரையோ தொடரும், கடைசிவரை இரத்தப் போர் என்று பெயரே அப்படித்தான். அதன் தலைநகரான செங்டுவில் தேநீர்க் கடைகளில் மூங்கில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நாள் முழுக்க ஆடுவார்கள். தைவானில் 13க்குப் பதில் 16 காய். சிங்கப்பூர்ப் பெட்டியில் கூடுதலாக நாலு விலங்கு, பூனை, எலி, சேவல், பூரான், ஆக 148. பூனையும் எலியும் ஒருவருக்கே வந்தால் அந்த இடத்திலேயே மற்ற மூவரும் காசு கொடுக்க வேண்டும், சேவலும் பூரானும் அதே மாதிரி. குழந்தைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் எட்டு ஜோக்கர் சேர்த்து 152 காய், 1937இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு சங்கம் எந்தெந்தக் கை செல்லும் என்று வருடா வருடம் புது அட்டை அச்சடிக்கிறது, அதில் உள்ள கையைத்தான் சேர்க்க வேண்டும். அங்கே யூதப் பெண்கள்தான் இதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள்.

மாஜாங்கைக் கன்பூசியஸ் கண்டுபிடித்தார், 2500 வருடப் பழமை என்று எங்கே படித்தாலும் நம்பாதீர்கள். அது 1920களில் அமெரிக்காவில் பெட்டி விற்பதற்காகக் கட்டிவிட்ட கதை. உண்மையில் இது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலோ கொஞ்சம் பின்னாலோ யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில், நிங்போ, ஷாங்காய் பக்கம் உருவானது. 1870களில் சீனச் சுங்கத்துறையில் வேலை பார்த்த க்ளோவர் என்ற அமெரிக்கர் அங்கிருந்து சேகரித்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பெட்டிகள்தான் இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் அடங்கும். ஆக நம் ஊருக்கு ரயில் வந்த காலத்து ஆட்டம் இது. அது குறைச்சல் இல்லை, ஒன்றரை நூற்றாண்டுக்குள் இவ்வளவு நாடுகளுக்குப் பரவிய மேசை ஆட்டங்கள் அதிகம் கிடையாது.

அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஜோசப் பார்க் பாப்காக், சீனாவின் சூஜோ நகரில் ஓர் எண்ணெய் நிறுவனத்துக்காக வேலை பார்த்தவர். 1920இல் விதிகளை எளிதாக்கிச் சிவப்பு அட்டைப் புத்தகமாகப் போட்டார், காயின் மூலையில் ஆங்கில எண் பொறிக்க வைத்தார். அடுத்த மூன்று நாலு வருடம் அமெரிக்காவில் பைத்தியம் மாதிரிப் பரவியது. அந்தக் காலத்துக் காய்க்கு முகம் மாட்டெலும்பு, முதுகு மூங்கில், இரண்டையும் தச்சு வேலை மாதிரிக் கோத்துச் சேர்ப்பார்கள். தேவை கூடிப்போய் சீனாவில் எலும்பு போதாமல், சிகாகோ இறைச்சிக் கூடங்களிலிருந்து கால் எலும்பைக் கப்பலில் ஏற்றி ஷாங்காய்க்கு அனுப்பி, அங்கே செதுக்கி, திரும்பவும் அமெரிக்காவுக்கே கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள்.

சூதாட்டம் என்கிற பக்கத்தை மறைக்க விரும்பவில்லை. சீனாவிலேயே இதைக் கடுமையாகத் திட்டியவர்கள் உண்டு. சிந்தனையாளர் ஹு ஷி 1920களில் அபின், பெண்களின் காலைக் கட்டுவது, பழைய தேர்வுக் கட்டுரை முறை, இவற்றோடு நாலாவது கேடாக மாஜாங்கைச் சேர்த்தார். அவர் மனைவிக்கோ மாஜாங் என்றால் உயிர். 1949க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு சூது என்று ஒடுக்கியது, கலாச்சாரப் புரட்சியின்போது பெட்டிகளை வெளியே காட்டவே முடியாது. 1980களில் திரும்ப வந்தது, 1998இல் அரசின் விளையாட்டுத் துறையே போட்டி விதிகளை வகுத்து அதை விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரில் 2022இல் வந்த சட்டப்படி வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் தங்களுக்குள் காசு வைத்து ஆடுவது குற்றமில்லை. ஆனால் சட்டம் விடுகிறது என்பதற்காக உங்கள் சக்திக்கு மீறி வைக்காதீர்கள். சீட்டில் வீட்டைத் தொலைத்த கதை நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது, மாஜாங்கில் தொலைத்த கதை அவர்கள் ஊரில் இருக்கிறது. நாங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் வில்லை வைத்துத்தான் ஆடுவோம், ஆட்டத்தின் ருசி அதில் ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல ஆட்டக்காரர் சுவரிலிருந்து காயை எடுக்கும்போது கவனியுங்கள். எடுத்த கையிலேயே கட்டைவிரல் காயின் முகத்தை ஒரு தடவை தடவும். பார்க்கும் முன்பே அது என்ன என்று தெரிந்துவிடும், வேண்டாதது என்றால் அப்படியே போட்டுவிடுவார்கள். வெள்ளை வழவழவென்று இருக்கும், ஒன்றாம் வட்டம் ஒரே பெரிய குழி, மூங்கில் நீளக் கோடுகளாக விரலில் ஓடும். வான் காய்தான் கஷ்டம், கீழ்ப்பாதி ஒன்பதிலும் ஒரே எழுத்து, மேல்பாதியில்தான் எண் இருக்கும். காய் கையால் செதுக்கியதாக இருந்தால் விரலுக்கு இன்னும் நன்றாகப் பேசும். ஹாங்காங்கில் அந்தக் கைவேலைக்காரர்கள் இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் காயை விளக்குச் சூட்டில் இளக வைத்து, எந்த வரைபடமும் இல்லாமல் உளியை ஓட்டி, சிவப்பும் பச்சையும் நீலமும் பூசி, மேலே வழிந்ததைச் சுரண்டி எடுப்பார்கள். 2014இல் ஹாங்காங் அரசு தன் மரபுக் கலைப் பட்டியலில் இதைச் சேர்த்தது. இயந்திரப் பெட்டியின் விலைக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. யாராவது ஹாங்காங் போனால் கையால் செதுக்கிய காய் ஒன்றே ஒன்றாவது வாங்கி வாருங்கள், தனிக் காயாகவும் விற்கிறார்கள்.

நீங்கள் எப்படி ஆரம்பிப்பது? பூக்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு 136 காயோடு ஆடுங்கள். அப்போது சுவர் 17 அடுக்கு. புள்ளிக் கணக்கை முதல் நாலு நாள் மறந்துவிடுங்கள், யார் முதலில் நாலு செட்டும் ஒரு ஜோடியும் சேர்க்கிறார் என்று மட்டும் பாருங்கள். போட்ட காயை ஜப்பானியர் மாதிரி அவரவர் முன்னால் வரிசையாக அடுக்குங்கள், எந்த ஊர் விதியில் ஆடினாலும் சரி, கற்றுக்கொள்ளும்போது இது பெரிய உதவி. நாலு பேர் சேரவில்லை என்றால் இணையத்தில் தென்ஹோ, மாஜாங் சோல் இரண்டும் இருக்கின்றன, இரண்டும் ஜப்பானிய விதி, விதி மீறி எதையும் செய்ய விடாது என்பதால் தப்பு ஆட்டம் பழகாது.

பெட்டி வாங்கும்போது காயின் மூலையில் 1, 2, 3 என்று எண் பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். எண் இல்லாத பெட்டிதான் கிடைத்தது என்றால் வான் காய்க்கு ஒன்பது சீன எண்களைக் கற்க வேண்டும், அதுவும் அரை மணி நேர வேலைதான். ஒன்று, இரண்டு, மூன்று என்பது ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. நாலு, ஒரு பெட்டிக்குள் இரண்டு கால். ஆறு, மேலே ஒரு புள்ளி, நடுவில் கோடு, கீழே இரண்டு கால். எட்டு, நடுவில் சேராத கூரை மாதிரி இரண்டு சரிவு. ஐந்து, ஏழு, ஒன்பது மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து ஆட்டத்துக்குள் அந்தத் தாள் தேவைப்படாது. அப்புறம் மேசைமேல் ஒரு கனமான போர்வையை மடித்து விரித்துவிட்டு ஆடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் கீழ் வீட்டில் தூங்குகிறவர்கள் இருப்பார்கள்.